ஹேவ், ஹேஸ், நேற்று: பிரசன்ட் பெர்ஃபெக்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கணத்தில் தமிழர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த ஒரு டென்ஸ்தான் என்பது என் கணிப்பு. இதற்கு நெருக்கமான அமைப்பு நம்மிடமே இருக்கிறது. வந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன் என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். அந்த நெருக்கம் பாதி உதவி, பாதி தொல்லை. ஆங்கிலம் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கும், வாய்விட்டுப் படியுங்கள்.

நடந்து முடிந்ததைச் சொல்லும் டென்ஸுக்கு ஏன் ‘பிரசன்ட்’ என்று பெயர்?

நடந்தது எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். பேச்சு இன்றைப் பற்றியது. வீட்டு வாசலில் நின்று பையைத் துழாவிக்கொண்டே ஒருவர் ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீஸ்’ என்கிறார். சாவி இப்போது அவரிடம் இல்லை, உள்ளே போக வழியில்லை என்பதுதான் செய்தி. அவரே ‘ஐ லாஸ்ட் மை கீஸ் லாஸ்ட் வீக்’ என்றால், போன வாரக் கதையைச் சொல்கிறார். சாவி அதன்பின் கிடைத்திருக்கலாம், புதுப் பூட்டே போட்டிருக்கலாம். அதைப் பற்றி அந்த வாக்கியம் எதுவும் சொல்லவில்லை.

ஆக, நிகழ்வு பழையது, அதன் விளைவோ அனுபவமோ இன்னும் கையில் இருக்கிறது என்றால் பிரசன்ட் பெர்ஃபெக்ட். நிகழ்வை அதன் நேரத்தோடு சேர்த்துப் பின்னால் விட்டுவிட்டோம் என்றால் சாதாரண இறந்தகாலம்.

‘ஹேவ், ஹேஸ் போட்டு வி3’ என்ற வாய்பாடு மனப்பாடம். பிறகும் ஏன் தவறு வருகிறது?

வாய்பாடு வாக்கியத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறது, எப்போது கட்டுவது என்று சொல்லாது. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் முதல் பாதியோடு பாடம் முடிந்துவிடுகிறது.

கட்டுமானத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஐ, வீ, யூ, தே என்றால் ஹேவ். ஹி, ஷி, இட் என்றால் ஹேஸ். அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். அங்கேதான் கால் இடறும். கோ, வென்ட், கான் என்பதில் ‘ஐ ஹேவ் வென்ட்’ என்று சொல்பவர்கள் உண்டு. ‘ஐ ஹேவ் கான்’ என்பதே சரி. ‘ஹி ஹேஸ் கேம்’ தவறு, ‘ஹி ஹேஸ் கம்’ சரி. கட், புட் போன்றவை மூன்று வடிவத்திலும் மாறாது. ‘ரீட்’ எழுத்தில் மாறாமல் உச்சரிப்பில் மட்டும் ‘ரெட்’ ஆகும். இவற்றுக்குக் குறுக்குவழி இல்லை, நாக்குக்குப் பழக வேண்டும்.

தமிழில் ‘இருக்கிறேன்’ என்று முடிந்தால் ஆங்கிலத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று வைத்துக்கொள்ளலாமா?

பல இடங்களில் வைத்துக்கொள்ளலாம். ‘யானை மேல் ஏறியிருக்கிறீர்களா?’ என்பது ‘ஹேவ் யூ எவர் ரிடன் அன் எலிஃபன்ட்?’ ‘அவர் மூன்று நாவல் எழுதியிருக்கிறார்’ என்பது ‘ஹி ஹேஸ் ரிட்டன் த்ரீ நாவல்ஸ்’. அனுபவத்தையும் இதுவரையான கணக்கையும் சொல்லும்போது இரண்டு மொழியும் கைகோத்துப் போகின்றன. இந்த வரவை விட்டுவிடக் கூடாது. இப்படி ஓர் அமைப்பே இல்லாத மொழியைப் பேசுபவருக்கு விளக்குவதைப் போலத் தமிழருக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் நம் ‘இருக்கிறது’ வேறு பல வேலைகளும் பார்க்கும். காலையில் எழுந்து வாசலைப் பார்க்கிறோம், முற்றம் ஈரமாக இருக்கிறது. ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். பெய்ததைக் கண்ணால் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். தமிழில் அந்த ஊகத்தை ‘இருக்கிறது’ சுமக்கிறது. ஆங்கில பெர்ஃபெக்டுக்கு அந்த வேலை தெரியாது. ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்றால் தவறு. ஊகம் தெரிய வேண்டுமானால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. வெறும் செய்தி போதுமானால் ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’.

‘அத்தை நேற்றே வந்திருக்கிறார், யாரும் எனக்குச் சொல்லவில்லை’ என்பதும் இதே ரகம். எனக்கு இப்போதுதான் தெரியவந்தது என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷி கேம் யெஸ்டர்டே அண்ட் நோபடி டோல்ட் மீ’ என்று சாதாரண இறந்தகாலம்தான். ஆதங்கத்தைக் குரலில் காட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு பொறிகள். ‘கதவு திறந்திருக்கிறது’ என்பது கதவின் நிலை. ‘த டோர் இஸ் ஓபன்’. ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ இப்போது நடப்பது. ‘ஐ ஆம் ரீடிங்’. இரண்டிலும் ‘இருக்கிற’ இருக்கிறது, இரண்டும் பெர்ஃபெக்ட் அல்ல.

‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதற்கு எது சரி?

யாராவது சாப்பிடக் கூப்பிடும்போது சொன்னால் ‘ஐ ஹேவ் ஈட்டன்’ அல்லது ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’. வயிறு நிறைந்திருக்கிறது, இப்போது வேண்டாம் என்று பொருள். ‘நேற்று எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டேன்’ என்றால் ‘ஐ ஏட் அட் எய்ட் யெஸ்டர்டே’. நம் ‘விட்டேன்’ காரியம் முடிந்ததை அழுத்திச் சொல்லும். எப்போது முடிந்தது என்பதைப் பற்றிக் கவலைப்படாது. நேரச் சொல்லை வைத்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்றால் என்ன தவறு? எல்லோருக்கும் புரிகிறதே!

புரியும். ஆனாலும் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ஹேவ் போட்ட மாத்திரத்தில் ‘இன்றைக்குப் பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்த சொல்லிலேயே ‘யெஸ்டர்டே’ என்று நேற்றைப் பூட்டுகிறீர்கள். முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லும் பெர்ஃபெக்டோடு ஒட்டாது. லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019, வென் ஐ வாஸ் எ சைல்ட் எல்லாமே அப்படித்தான். கேள்வியில் ‘வென்’ வந்தாலும் அதே விதி: ‘வென் ஹேவ் யூ கம்?’ தவறு, ‘வென் டிட் யூ கம்?’ சரி.

மறுபக்கம், இன்னும் முடியாத நேரம் பெர்ஃபெக்டுக்குப் பிடிக்கும். டுடே, திஸ் வீக், சோ ஃபார், எவர், நெவர், யெட் போன்றவை இந்தப் பக்கம். ‘திஸ் மார்னிங்’ மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். காலை பத்து மணிக்கு ‘ஹேவ் யூ சீன் த மேனேஜர் திஸ் மார்னிங்?’ என்று கேட்கலாம், காலை இன்னும் மிச்சம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அதே கேள்வி ‘டிட் யூ சீ த மேனேஜர் திஸ் மார்னிங்?’ என்று மாறிவிடும். ‘ஜஸ்ட்’ பெர்ஃபெக்டோடு வரும்: ‘ஹி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்’. கூடவே ‘நவ்’ சேர்ந்தால் இறந்தகாலம்: ‘ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்’.

சில மொழிகளில் இந்தக் கட்டுப்பாடே இல்லை. பேச்சு ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இதே ‘ஹேவ்’ அமைப்பு நேற்றையோடு சர்வ சாதாரணமாக வரும். ஆங்கிலம்தான் இதில் கறார். தர்க்கம் தேடிக் களைக்க வேண்டாம். இது அந்த மொழியின் வழக்கம்.

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியிலேயே ‘ஹேஸ் பீன் கிரெடிட்டட்’ என்று போட்டு, பின்னால் தேதியும் போடுகிறார்களே?

கூர்மையான கேள்வி. ‘யுவர் அக்கவுண்ட் ஹேஸ் பீன் கிரெடிட்டட்’ என்று மட்டும் இருந்தால் குறையில்லை. பணம் வந்துவிட்டது, இப்போது கணக்கில் இருக்கிறது. அதன் வாலில் ‘ஆன்’ என்று தொடங்கித் தேதியும் ஒட்டும்போது விதி உடைகிறது. கறாராக எழுதுபவர் ‘வாஸ் கிரெடிட்டட் ஆன்’ என்றுதான் எழுதுவார். இந்திய அலுவலக ஆங்கிலத்தில் இது ஊறிப்போன பழக்கம். பணம் வந்ததில் தவறில்லை என்பதால் யாரும் புகார் செய்வதில்லை. தேர்வுத் தாளில் மட்டும் இதை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள்.

‘பத்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பதை எப்படிச் சொல்வது?

இதுதான் நேர்முகத் தேர்வுகளில் அதிகம் சறுக்கும் இடம். தமிழில் ‘செய்கிறேன்’ என்று நிகழ்காலம் போடுகிறோம். அதை அப்படியே பெயர்த்தால் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று வரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு.

அன்று தொடங்கியது இன்றுவரை நீள்கிறது என்றால் ஆங்கிலம் பெர்ஃபெக்டைத்தான் கேட்கும்: ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. அடுத்தது ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பம். ‘2015 முதல்’ என்று தொடக்கத்தைச் சொன்னால் ‘சின்ஸ் 2015’. ‘பத்து வருடமாக’ என்று அளவைச் சொன்னால் ‘ஃபார் டென் இயர்ஸ்’. தமிழில் ‘முதல்’ அல்லது ‘இருந்து’ வந்தால் சின்ஸ், ‘ஆக’ வந்தால் ஃபார் என்று பிடித்துக்கொண்டால் அநேகமாகத் தப்பாது.

எச்சரிக்கை ஒன்று. ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் அங்கேயே இருப்பவர் நேர்காணலில் இப்படிச் சொன்னால், ‘ஏன் விலகினீர்கள்?’ என்று அடுத்த கேள்வி வரும்.

விமான நிலையக் குடிநுழைவு மேசையிலும் இது விளையாடும். ‘ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்’ என்றால் மொத்தம் இரண்டு வாரம் தங்கப் போகிறேன் என்று பொருள். ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்’ என்றால் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இப்போதுதான் விமானத்தை விட்டு இறங்கியவர் இரண்டாவதைச் சொன்னால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார்.

‘இதுதான் முதல் தடவை’ என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நாம் ‘முதல் தடவையாகச் சாப்பிடுகிறேன்’ என்போம். அவர்கள் ‘திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் ஈட்டன் திஸ்’ என்பார்கள்.

‘ஹேவ் ரெட்’, ‘ஹேவ் பீன் ரீடிங்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

‘ஐ ஹேவ் ரெட் த புக்’ என்றால் படித்து முடித்துவிட்டேன். ‘ஐ ஹேவ் பீன் ரீடிங் த புக்’ என்றால் படித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், முடிக்காமலும் இருக்கலாம். வேலை, வசிப்பு போன்றவற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நோ, பிலீவ், ஓன் போன்ற நிலையைச் சொல்லும் வினைகளுக்கு ‘இங்’ ஒட்டாது: ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் இயர்ஸ்’.

‘ஹி ஹேஸ் கான் டு சென்னை’, ‘ஹி ஹேஸ் பீன் டு சென்னை’: எது எங்கே?

கான் என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. பீன் என்றால் போய்விட்டு வந்துவிட்டார், அல்லது எப்போதோ போன அனுபவம் உண்டு. தொலைபேசியில் ‘சார் இருக்கிறாரா?’ என்று கேட்பவரிடம் ‘பீன்’ என்று சொன்னால் ஆளைக் கூப்பிடுவீர்கள் என்று காத்திருப்பார். ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி’ என்று எதிரில் நின்றுகொண்டு சொல்வது அதைவிட வேடிக்கை. டெல்லிக்குப் போனவர் இங்கே எப்படி நிற்கிறார்?

போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன். ‘ஐ ஹேட் கான்’ என்று சொல்லலாமா?

வேண்டாம். தமிழில் ‘போயிருந்தேன்’ மிக இயல்பு. போய்விட்டுத் திரும்பிவிட்டேன் என்ற நிறைவு அதில் இருக்கிறது. அதைப் பெயர்த்துத்தான் ‘ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேட்’ வந்தால் கேட்பவர் இன்னொரு நிகழ்வுக்குக் காத்திருப்பார்: நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டிருந்தது, ‘த ட்ரெயின் ஹேட் லெஃப்ட் வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன்’. இறந்தகாலத்துக்குள் இன்னும் பின்னால் ஒன்று இருந்தால்தான் ஹேட். தனியாகப் போய்வந்த பயணத்துக்கு ‘ஐ வென்ட் டு மதுரை லாஸ்ட் வீக்’ போதும். எளிய வாக்கியம் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது; ஹேட் போட்டால் ஆங்கிலம் உயர்ந்துவிடாது.

மறைந்தவர்களைப் பற்றி எழுதும்போது பெர்ஃபெக்ட் வரலாமா?

அவர்களை எழுவாயாக வைத்து அவர்கள் செய்ததைச் சொல்லும்போது பொதுவாக வராது. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். இதை ‘பாரதி லிவ்ட் இன் பாண்டிச்சேரி’ என்றே எழுத வேண்டும். ‘ஹேஸ் லிவ்ட்’ என்றால் அவர் இன்றும் நம்மோடு இருப்பதுபோல் தொனிக்கும். அதே பாரதியைப் பற்றி ‘பாரதி ஹேஸ் இன்ஃப்ளூயன்ஸ்ட் ஜெனரேஷன்ஸ் ஆஃப் பொயட்ஸ்’ என்று எழுதினால் சரி. 1921இல் அவர் மறைந்தார், அவரது தாக்கம் மறையவில்லை.

மொழியியல் வகுப்புகளில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ‘ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்’ என்பது உறுத்துகிறது, அவர் 1955இல் இறந்துவிட்டார். அதையே திருப்பி ‘பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டைன்’ என்றால் அவ்வளவு உறுத்தவில்லை. ஊர் இன்னும் இருக்கிறதல்லவா! எதைப் பற்றிப் பேசுகிறோம், அது இன்றும் இருக்கிறதா என்பதை இந்த டென்ஸ் எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

செய்தித்தாளில் முதல் வரி ஒரு டென்ஸ், அடுத்த வரி வேறு டென்ஸ். ஏன்?

புதிய செய்தியை அவிழ்க்கும்போது பெர்ஃபெக்ட். விவரத்துக்குள் நுழைந்ததும் இறந்தகாலம். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் செய்தி வாசிப்பவர் ‘இந்தியா ஹேஸ் லேண்டட் ஆன் த மூன்’ என்று தொடங்கலாம். அடுத்த வாக்கியம் ‘விக்ரம் டச்ட் டவுன் நியர் த சவுத் போல் ஷார்ட்லி ஆஃப்டர் சிக்ஸ் திஸ் ஈவ்னிங்’ என்று இறந்தகாலத்துக்கு மாறும். நேரம் வந்துவிட்டது, இனி ஹேஸ் வராது. இன்று அதைப் பற்றி எழுதுபவர் ‘சந்திரயான்-3 லேண்டட் ஆன் 23 ஆகஸ்ட் 2023’ என்றே தொடங்குவார், செய்தி வரலாறாகிவிட்டது. ஆங்கில நாளிதழ் ஒன்றை எடுத்து முதல் பக்கச் செய்திகளின் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் படித்துப் பாருங்கள். இலக்கணப் புத்தகம் கொடுக்காத பயிற்சி அதில் கிடைக்கும்.

அமெரிக்கத் தொடர்களில் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்கிறார்களே, அது தவறா?

தவறல்ல. அமெரிக்கப் பேச்சில் ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் மூன்றோடும் சாதாரண இறந்தகாலம் தாராளமாக வரும். ‘ஐ ஜஸ்ட் ஏட்’, ‘ஐ ஆல்ரெடி டோல்ட் யூ’ என்பார்கள். பிரிட்டனில் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ அதிகம். நம் பள்ளிப் புத்தகங்கள் பிரிட்டிஷ் மரபில் வந்தவை என்பதால், தேர்வில் அந்த வழி பாதுகாப்பானது. அதற்காக அமெரிக்காவில் எதுவும் செல்லும் என்று நினைக்க வேண்டாம். ‘ஹேவ் சீன் யெஸ்டர்டே’ அங்கேயும் செல்லாது.

‘கிரைஸ்ட் இஸ் ரிசன்’ என்று ஈஸ்டர் வாழ்த்தில் வருகிறதே, ‘ஹேஸ் ரிசன்’ அல்லவா சரி?

இன்றைய இலக்கணப்படி ‘ஹேஸ்’. பழைய ஆங்கிலத்தில் வருவது, போவது, எழுவது, ஆவது போன்ற வினைகளுக்கு ‘ஹேவ்’ வராமல் ‘பீ’ வந்தது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்திலும் ‘ஹி இஸ் ரிசன்’ என்றுதான் இருக்கிறது. அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கிய ஓப்பன்ஹைமர், 1945 சோதனையை நினைவுகூர்ந்தபோது பகவத் கீதையின் பதினோராம் அத்தியாயத்து வரியை ‘நவ் ஐ ஆம் பிகம் டெத்’ என்று சொன்னதும் இந்தப் பழைய அமைப்பில்தான். இன்றும் ‘த மில்க் இஸ் ஆல் கான்’ என்று பேச்சில் கேட்கலாம். நாம் ‘இரு’வை வைத்து வந்திருக்கிறேன் என்று சொல்வதற்கு அது இன்னும் கிட்டத்தில் இருந்தது, பிறகு ‘ஹேவ்’ எல்லா வினையையும் வளைத்துக்கொண்டது.

பேசும்போது ‘ஹேவ்’ காதில் விழுவதே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

‘ஐ ஹேவ்’ பேச்சில் ‘ஐவ்’ ஆகிவிடும், ‘ஹி ஹேஸ்’ ‘ஹீஸ்’ ஆகிவிடும். ‘ஹீஸ்’ என்பது ‘ஹி இஸ்’ என்பதன் சுருக்கமாகவும் இருக்கலாம். பின்னால் வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும்: ‘ஹீஸ் ஈட்டன்’ என்றால் ஹேஸ், ‘ஹீஸ் ஈட்டிங்’ என்றால் இஸ். ‘ஐவ் சீன் இட்’ என்பதில் அந்த ‘வ்’ மங்கிப்போய் ‘ஐ சீன் இட்’ போலவே கேட்கும். கேட்டபடி எழுதாதீர்கள், எழுத்தில் ஹேவ் இருந்தே ஆக வேண்டும்.